கரித்துண்டு திறந்த கதவு
ஓவியர் இரவிவர்மாவின் வாழ்க்கை



தைத்திங்கள் பிறக்குமுன் நம் குடியிருப்புகளில் வெள்ளையடிக்கும் வேலை நடைபெறுவது வழக்கம். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஆலைகளை அடுத்து வாழ்வோரும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தோட்டங்களைச் சார்ந்து வாழ்வோரும், ஆண்டுக்கொருமுறை வீட்டைத் தூய்மை செய்து பொங்கலை வரவேற்கின்றோம். வெள்ளை காய்ந்த மறுநாளே ஒரு வியப்பு நிகழும். விறகடுப்புக் கரித்துண்டு ஒன்று எவ்வாறோ ஒரு பிஞ்சுக் கையில் அகப்படும். பால்போன்ற சுவரில் மாடும் வண்டியும், தேரும் கொடியும் தோன்றிவிடும். பிள்ளைக்கு அது பேருவகை, பெற்றோர்க்கோ பெருஞ்சினம். வீடு நமதன்று, நிறுவனத்தாருடையது. சுவர் கெட்டால் கேள்வி வரும். ஆகவே கை ஓங்குகின்றோம்.

இக்கட்டுரையை எழுதுகின்றவனும் அக்குற்றம் செய்தவனே. சில ஆண்டுகளுக்கு முன் என் இளைய மகள் முற்றத்துச் சுவரில் யானையொன்றை எழுதினாள். துதிக்கை நீண்டு, காது விரிந்து, ஒரு கால் தூக்கி நடக்கும் யானை. வீடு பார்வையிட வருவார்கள் என்ற அச்சத்தால் நான் அவளைக் கடிந்து, ஈரத்துணியைக் கையில் கொடுத்து, அவளே அதனைத் துடைக்குமாறு செய்தேன். சுவர் தூய்மையாயிற்று. அதன்பின் அவள் சுவரில் எழுதவில்லை, தாளிலும் எழுதவில்லை. அந்த ஈரத்துணி என் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை.

இதே கேரள மண்ணில், ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு வீட்டுச் சுவரில் வேறொரு சிறுவன் கரியால் எழுதினான். அவ்வீட்டுப் பெரியவர் துணியை எடுக்கவில்லை. அதனால் விளைந்தது என்ன என்பதை நம் குடும்பத்தார் அனைவரும் அறிதல் நன்று எனக் கருதி, ஓவியர் இரவிவர்மாவின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் குடியும்

இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்தில் கிளிமானூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 29ஆம் நாள் இரவிவர்மா தோன்றினார். தந்தையார் எழுமாவில் நீலகண்ட பட்டதிரி. வடமொழியிலும் ஆயுர்வேதத்திலும் வல்லவர். தாயார் உமையாம்பா தம்புராட்டி. பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளல் பாட்டை இயற்றிய புலமையாட்டி. கோதவர்மா, இராஜராஜவர்மா என்னும் இரு தம்பியரும், மங்களாபாய் என்னும் தங்கையும் இரவிவர்மாவுக்கு உடன்பிறந்தோர்.

மலையாள நாட்டில் அந்நாளில் மருமக்கள் வழி உரிமை நிலவியது. தாய்மாமனே குடும்பத்தின் தலைவர். பிள்ளைகளின் கல்விக்கும் ஒழுக்கத்திற்கும் அவரே பொறுப்பு. கிளிமானூரில் அப்பொறுப்பை ஏற்றிருந்த மாமனார்க்கும் இராஜராஜவர்மா என்றே பெயர். தம்பியின் பெயரும் அதுவாதலின், இக்கட்டுரையில் இவரை மாமனார் என்றே குறிப்போம். இவர் தஞ்சாவூர் முறையில் ஓவியம் தீட்டுபவர். பிழைப்புக்காக அன்று, விருப்பத்தால் தீட்டியவர்.

மாமனார்க்கு ஓவியம் கற்பித்தவர் அழகிரி நாயுடு என்பவர். சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் பெருமை பெற்றிருந்த அவர் மதுரையிலிருந்து வந்தவர். நம் பாட்டன்மார் கம்பம், போடி வழியாகவும் பொள்ளாச்சி வழியாகவும் மலையேறிப் பிழைப்புத் தேடி வந்ததற்கு முன்னரே, மதுரைக் கலையும் மேற்கு மலையின் இப்புறம் வந்து குடியேறிவிட்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சுவரில் எழுந்த சித்திரம்

சிறுவன் இரவிவர்மா அரண்மனை வேலையாட்களுக்குத் தீராத தொல்லையாக விளங்கினான். வெள்ளைச் சுவர் எங்கெல்லாம் கண்ணிற்பட்டதோ அங்கெல்லாம் கரித்துண்டு பாய்ந்தது. விலங்குகள், பறவைகள், அன்றாடம் வீட்டைச் சுற்றி நடக்கும் காட்சிகள் ஆகியவை சுவரை நிரப்பின. துடைப்பது வேலையாட்களின் பாடு. ஒருநாள் அவர்கள் மாமனாரிடம் முறையிட்டனர்.

மாமனார் வந்து சுவரைப் பார்த்தார். வேலையாட்கள் அழுக்கைக் கண்ட இடத்தில் அவர் கோட்டைக் கண்டார். விலங்கின் முதுகு எவ்விடத்தில் வளைகின்றது, கால் எவ்விடத்தில் உடலோடு சேர்கின்றது என்பனவற்றைச் சிறுவனின் கை அறிந்திருந்தது. அன்று முதல் மருமகனைத் தம் அருகில் அமர்த்தி ஓவியம் பயிற்றத் தொடங்கினார். மாமனார் எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற படம் ஒன்றைச் சிறுவன் தானே நிறைவு செய்துவைத்தான் என்றும், திரும்பி வந்த மாமனார் சினவாது மகிழ்ந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது.

இது எளிய முடிவன்று. அந்நாளில் ஓவியம் கைவினைஞர் தொழிலாகக் கருதப்பட்டது. உயர்குடிப் பிள்ளை அதனைத் தொழிலாகக் கொள்வது மதிப்புக்கு ஏற்றதன்று என்பது ஊராரின் எண்ணம். மாமனார் நினைத்திருந்தால் வடமொழியும் இசையும் போதும் என்று சொல்லி, கரியை எறியச் செய்திருக்கலாம். குற்றம் சொல்வாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கரியின் இயல்பு

கரியைப்பற்றிச் சில கூறுதல் இவ்விடத்தில் பொருந்தும். எரிந்து தீர்ந்த விறகின் மிச்சம் என்று நாம் இகழும் அப்பொருள், மனிதன் கையாண்ட எழுதுகோல்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று. விறகு காற்றோடு எரிந்தால் சாம்பலாகும். காற்றில்லாமல் வெந்தால் கரியாகும். ஆதலின் ஓவியர்கள் மெல்லிய சுள்ளிகளைத் தோலுரித்து மண்கலத்தில் அடுக்கி, வாயை மண்ணால் பூசி அடைத்து, நெருப்பிலிட்டு எடுப்பர். கலம் முற்றும் ஆறிய பின்னரே திறத்தல் வேண்டும்; சூட்டோடு திறந்தால் காற்றுப் புகுந்து கரி சாம்பலாகிவிடும். ஐரோப்பியர் வில்லோ மரத்துச் சுள்ளியையும் திராட்சைக் கொடியையும் இதற்குக் கொண்டனர். நம் நாட்டு ஓவியர் புளியஞ்சுள்ளியைக் கொண்டனர். வைரம் பாய்ந்த கட்டையின் கரி கடினமானது, கீறலாகப் படியும். இளஞ்சுள்ளியின் கரி மென்மையானது, தொட்ட இடத்தில் தூளாகப் படியும்.

எழுதும் பொருளைப் போலவே எழுதப்படும் தளமும் இன்றியமையாதது. கரி ஒட்டும் தன்மை உடையதன்று. அதன் தூள் தங்குவதற்குத் தளத்தில் நுண்ணிய மேடுபள்ளம் வேண்டும். வழவழப்பான தாளில் அது வழுக்கும். சொரசொரப்பான தாளில் பற்றிக்கொள்ளும். சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையடித்த சுவர் கரிக்கு மிக ஏற்ற தளம். குழந்தைகள் சுவரை நாடுவது குறும்பினால் மட்டுமன்று. கரி அங்கே நன்றாகப் பேசும் என்பதைக் கைகள் தாமே உணர்ந்துகொள்கின்றன.

நம்மைச் சுற்றிப் பார்த்தாலே இவ்வுண்மை விளங்கும். மறையூர்ப் பக்கத்துப் பாறை ஒதுக்குகளில் முன்னோர் எழுதிய ஓவியங்கள் உண்டு. அவர்க்குப் பாறையே தாள். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் களம் எழுதுவோர்க்குத் தரையே தாள். அரிசிமாவு வெண்மைக்கும், மஞ்சள்தூள் பொன்னிறத்துக்கும், இலைத்தூள் பசுமைக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தூள் செம்மைக்கும் ஆக, கருமைக்கு உமிக்கரியைத் தூவுவர். பகவதியின் கூந்தலும் கண்ணும் அவ்வுமிக்கரியாலேயே உயிர் பெறுகின்றன. நம் புலவர் பெருமக்களோ பனையோலையில் எழுத்தாணியால் கீறி, அக்கீறலிற் கருமையைத் தடவி எழுத்தைத் துலங்கச் செய்தனர். பாறையும் தரையும் ஓலையும் சுவரும் வேறுவேறு, கருமை ஒன்றே.

கரிக்கு மற்றொரு தனிச்சிறப்பும் உண்டு. எழுதிய கோட்டை விரலால் தேய்த்தால் அது புகைபோலப் பரந்து சாம்பல் நிறமாகும். தேய்க்கத் தேய்க்கக் கருமையிலிருந்து வெண்மைவரை எத்தனையோ படிகள் தோன்றும். தவறு நேர்ந்தால் துடைத்துவிடலாம். ஐரோப்பிய மாணவர்கள் இரப்பர் வருவதற்குமுன் ரொட்டியின் மெத்தென்ற பகுதியை உருட்டிக் கரிக்கோட்டை அழித்தனர். எழுதிய படம் உதிராமலிருக்கப் பிசினைச் சாராயத்திற் கரைத்து மேலே தெளிப்பதும் வழக்கம். வண்ணத்தைத் தொடுமுன் வெளிச்சத்தையும் நிழலையும் கரியால் எழுதிப் பழகுதலே அந்நாட்டுக் கலைக்கூடங்களில் முதற்பாடம்.

மாமனார் பயின்ற தஞ்சாவூர் முறையில் கோடு தெளிவானது, வண்ணம் சமமானது, பொன்னும் மணியும் ஒளிர்வன. நிழலுக்கு அங்கே பெரிதும் இடமில்லை. சுவரில் கரியைத் தேய்த்த சிறுவனோ, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே படரும் நிழலைத் தன்னை அறியாமலே கண்டிருத்தல் கூடும். பின்னாளில் பட்டுச் சேலையின் மடிப்பையும் கன்னத்தின் திரட்சியையும் நிழலாலேயே புலப்படுத்திய கைக்கு, அந்தச் சுண்ணச் சுவரே முதல் பள்ளி என்று எண்ணத் தோன்றுகின்றது.

மூடிய கதவும் திறந்த சாளரமும்

1862ஆம் ஆண்டில், பதினான்கு வயதினனாகிய இரவிவர்மாவை மாமனார் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயிலியம் திருநாள் மகாராஜாவின்முன் நிறுத்தினார். மகாராஜா சிறுவனின் திறத்தைக் கண்டு தலைநகரிலேயே தங்கிப் பயிலுமாறு பணித்தார். அரண்மனையில் இருந்த ஓவியங்களும் ஐரோப்பிய ஓவிய நூல்களும் அவன் பார்வைக்குக் கிடைத்தன.

அக்காலத்தில் எண்ணெய் வண்ண ஓவியம் நம் நாட்டிற்குப் புதியது. திருவிதாங்கூரில் அதன் நுட்பம் அறிந்தவர் அரண்மனை ஓவியராகிய மதுரை இராமசாமி நாயுடு ஒருவரே. வண்ணத்தை எவ்வெண்ணெயில் குழைப்பது, முதற்பூச்சு உலர எத்தனை நாள் விடுவது, மேற்பூச்சை எவ்வாறு ஏற்றுவது என்பன அவருடைய கைச்செல்வம். அச்செல்வத்தைச் சிறுவனுக்குப் பகிர்ந்தளிக்க அவர் உடன்படவில்லை. அவரை நாம் எளிதிற் பழித்தல் ஆகாது. கைத்தொழிலே வாழ்வாகக் கொண்டவர்க்கு அதன் மறைபொருளே முதலீடு. தமக்குப் போட்டியாக ஒருவன் வளர்வதை அஞ்சுதல் மனித இயல்பே.

ஆயினும் அவரிடம் பயின்றுகொண்டிருந்த ஆறுமுகம் பிள்ளை என்னும் மாணவர் வேறு வகையாக நினைத்தார். ஆசிரியர் அறியாவண்ணம் இரவு வேளைகளில் இரவிவர்மாவிடம் வந்து, தாம் கற்றவற்றைக் கற்பித்தார். ஆசிரியருக்குத் தெரிந்தால் தம் இடமே போய்விடும் என்பதை அவர் அறியாதவரல்லர். இரவிவர்மாவின் பெயரை உலகம் அறியும். அந்த இரவுகளில் விளக்கருகே அமர்ந்த ஆறுமுகம் பிள்ளையை அறிவார் சிலரே. தமிழராகிய நாம் இப்பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் கடன்.

1868ஆம் ஆண்டில் தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவத்தைத் தீட்டுவதற்குத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. மகாராஜா விரும்பியதற்கிணங்க, தாம் தீட்டும்போது இளைஞர் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டும் இசைந்தார். பார்ப்பது போதுமானதாயிற்று. முதலில் எதனைத் தொட்டார், எவ்வண்ணத்தின்மேல் எவ்வண்ணம் வைத்தார் என்பதைக் கண்ணாற் கற்று, தம் அறையில் கையாற் செய்துபார்த்துத் தேர்ந்தார் இரவிவர்மா. ஓவியப் பள்ளி எதிலும் அவர் மாணவராகச் சேர்ந்ததில்லை.

புகழின் படிகள்

1866ஆம் ஆண்டில் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பகீரதி தம்புராட்டியை அவர் மணந்தார். 1870ஆம் ஆண்டில் கொல்லூர் மூகாம்பிகையின் திருக்கோயிலுக்குச் சென்று வழிபட்டுத் திரும்பினார். அப்பயணத்தின்போது கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் குடும்பத்தாரைத் தீட்டிக் கூலி பெற்றார். ஓவியம் அவருக்குத் தொழிலானது அன்றுதான். உயர்குடியினர் ஒருவர் படம் எழுதிப் பணம் பெறுவதா என்ற பழைய எண்ணத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

1873ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற ஓவியக் காட்சியில், மல்லிகைச் சரத்தைக் கூந்தலிற் சூடும் நாயர் மங்கையின் படத்திற்கு ஆளுநரின் தங்கப்பதக்கம் கிடைத்தது. அதே படம் அவ்வாண்டு வியன்னா நகரத்துக் காட்சியிலும் பரிசு பெற்றது. மறு ஆண்டு, நரம்பிசைக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படத்திற்கு மீண்டும் சென்னையில் தங்கப்பதக்கம் கிடைத்தது. 1876ஆம் ஆண்டில், தாமரையிலையில் துஷ்யந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலையை அவர் தீட்டினார். அதனைச் சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகன் வாங்கிக்கொண்டார்.

1880ஆம் ஆண்டில் ஆயிலியம் திருநாள் மறைந்தார். அதன்பின் திருவனந்தபுரத்தில் இரவிவர்மாவுக்கு முன்போன்ற ஆதரவு கிட்டவில்லை. ஆனால் வாழ்வு அங்கேயே நின்றுவிடவில்லை. பரோடாவில் திவானாயிருந்த சர் டி. மாதவராவின் வழியாக அவ்வரசவை அவரை அழைத்தது, மைசூரும் அழைத்தது. பரோடா மன்னர்க்காகப் புராணக் காட்சிகள் பதினான்கைத் தீட்டுமாறு 1888ஆம் ஆண்டில் பணி வந்தது. தம்பி இராஜராஜவர்மாவுடன் அவர் வடநாடெங்கும் பயணம் செய்து, பல பகுதி மக்களின் உடையையும் அணியையும் ஆராய்ந்தார். இராமனும் நளனும் தமயந்தியும் எந்நாட்டு மக்கள் கண்டாலும் தம்மவர் எனக் கொள்ளத்தக்க உருவில் அமைதல் வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

தம்பியைப்பற்றித் தனியே கூறுதல் தகும். அவரும் சிறந்த ஓவியர்; இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் வல்லவர். அண்ணனோடு ஊர் ஊராகச் சென்று, படங்களிற் பங்கு கொண்டு, கணக்குப் பார்த்து, நாட்குறிப்பு எழுதி, நிழல்போல் வாழ்ந்தார். தங்கை மங்களாபாயும் ஓவியம் வல்லவரே. அண்ணனின் உருவத்தை அவர் தீட்டியுள்ளார். ஆயினும் பெண்ணாதலின் ஊர் ஊராகச் செல்லும் வாய்ப்பு அவர்க்கு இல்லை. அவர் புகழ் அரண்மனை மதிலைத் தாண்டி அதிகம் பரவவில்லை. ஒரே வீட்டில் ஒரே கலை மூவர் கையில் இருந்தும், கதவு ஒரே அளவாகத் திறக்கப்படவில்லை. பெண்மக்களைப் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அவருடைய பத்து ஓவியங்கள் சென்று பரிசு பெற்றன. விவேகானந்த அடிகள் உலகச் சமயப் பேரவையில் முழங்கிய ஆண்டும் ஊரும் அவையே.

சுண்ணச் சுவரிலிருந்து சுண்ணக் கல்லுக்கு

இத்துணைப் புகழும் அரண்மனைகளுக்குள்ளேயே நின்றிருந்தால், நாம் இன்று அவரைப்பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். மன்னர்க்குத் தீட்டிய படங்களை எளியோரும் காணுதல் வேண்டும். அதற்கு அவற்றை அச்சிட்டுப் பரப்புதல் வேண்டும் என்று மாதவராவ் முன்னமே கருத்துரைத்திருந்தார். அவ்வழியில் இரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். எந்திரங்களும் வல்லுநர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தனர்.

கல்லச்சின் செய்முறை அறியத்தக்கது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல் பலகையின்மேல், மெழுகும் கொழுப்பும் விளக்குப் புகைக்கரியும் சேர்ந்த கோலால் படம் எழுதுவர். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். எழுதிய இடம் கொழுப்புடையதாதலின் நீரை ஏற்காது. எழுதாத இடம் நீரை ஏற்கும். மேலே மையை உருட்டினால் எழுதிய இடத்தில் மட்டும் மை ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒவ்வொரு கல் வேண்டும். பல கற்களின் வண்ணம் ஒரே தாளில் பிசகின்றி ஒன்றன்மேல் ஒன்று அமைதல் வேண்டும்.

சுண்ணாம்புச் சுவரில் கரியால் எழுதிய சிறுவன், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்து, சுண்ணக் கல்லில் கரிக்கோலால் எழுதப்படும் கலையைத் துணைக்கொண்டான். முன்னதனை ஒரு வீட்டார் மட்டுமே கண்டனர்; பின்னதனைக் கண்டவர்க்கு எண்ணிக்கை இல்லை. தாமரைமேல் நிற்கும் இலக்குமியும், வீணை ஏந்திய கலைமகளும் அரண்மனை வாயிலைக் கடந்து அக்கிரகாரத்துக் கூடத்திற்கும் குடியானவன் குடிசைக்கும் தோட்டத் தொழிலாளியின் வரிசை வீட்டிற்கும் வந்து சேர்ந்தனர். கோயிலுக்குள் செல்ல இயலாதிருந்த மக்களும் தம் வீட்டிலேயே தெய்வத்தின் முகத்தைக் கண்டனர். நம் பூசை மாடங்களிலும் நாட்காட்டிகளிலும் இன்று காணும் திருவுருவங்கள் பலவும் அவ்வச்சின் வழிவந்தவையே.

அச்சுக்கூடம் பொருளளவில் அவர்க்கு நன்மை தரவில்லை. பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. கூடம் 1899ஆம் ஆண்டில் லோனாவ்லாவை அடுத்த மலவ்லி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. கடன் பெருகவே, அதனை ஜெர்மானிய வல்லுநராகிய ஷ்லைக்கர் என்பாரிடம் விற்க நேர்ந்தது. அவர் கையில் அது பல்லாண்டு நடைபெற்றது. 1972ஆம் ஆண்டில் தீயினால் அழிந்தது.

இறுதி நாட்களும் பின்வந்த தீர்ப்பும்

1904ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவர்க்குக் கெய்சர்-இ-ஹிந்து தங்கப்பதக்கம் அளித்தது. அவ்வறிவிப்பில் அவர் பெயர் இராஜா இரவிவர்மா என்று குறிக்கப்பெற்றது. மறு ஆண்டு தொடக்கத்தில் தம்பி இராஜராஜவர்மா மறைந்தார். உடனிருந்த கை ஒன்று அற்றதுபோல் ஆயிற்று அண்ணனுக்கு. நீரிழிவு நோயும் அவரை வாட்டியது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், தாம் பிறந்த கிளிமானூரிலேயே, ஐம்பத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தார். அவர் மகன் இராமவர்மாவும் ஓவியரே; 1915ஆம் ஆண்டில் மாவேலிக்கரையில் தந்தையின் பெயரால் ஓவியப் பள்ளி ஒன்றை அவர் நிறுவினார்.

இரவிவர்மாவைக் குறைகூறியோரும் உளர். வங்கத்தில் தோன்றிய புதிய ஓவியக் குழுவினரும் ஆனந்த குமாரசுவாமி போன்ற அறிஞரும், அவர் கலை மேனாட்டுப் போலி என்றும், தெய்வங்களை நாடக மாந்தராக்கிவிட்டது என்றும் கருதினர். அதில் உண்மை சிறிதும் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் வெளிநாட்டு நுட்பத்தைத் தம் மண்ணின் கதைகளுக்கு ஏவல்கொண்டவர் என்பதும், கலையைப் பொதுமக்கள் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்தவர் என்பதும் மறுக்கவொண்ணாதவை. 1979ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருடைய ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வம் என அறிவித்து, அவை வெளிநாட்டுக்குச் செல்லாதவாறு காத்தது. 2013ஆம் ஆண்டில் புதன் கோளில் உள்ள பெருங்குழி ஒன்றுக்கு வர்மா எனப் பெயரிடப்பட்டது. அக்கோளின் மேற்பரப்புக் கருமையாகத் தோன்றுவதற்குக் கரியின் இனமாகிய கார்பனே காரணம் என்று அறிவியலார் கருதுகின்றனர் என்பதையும் இங்கே குறிக்கலாம்.

நமக்குரிய கடமை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் பழமொழி. உடல்நலம் பேணவேண்டும் என்பதற்கு அதனைச் சொல்கின்றோம். பிள்ளைகளுக்கு எழுதுவதற்கு ஒரு சுவர் வேண்டும் என்று அதற்கு நேர்பொருள் கொண்டாலும் பிழையில்லை.

இவ்வரலாற்றில் நால்வரைக் கண்டோம். சுவரைப் பார்த்து அறிந்துகொண்ட மாமனார் ஒருவர். கதவை மூடிய ஆசிரியர் ஒருவர். இரவில் வந்து கற்பித்த ஆறுமுகம் பிள்ளை ஒருவர். கற்பிக்காவிடினும் காணவிட்ட ஐரோப்பியர் ஒருவர். பிள்ளைகள்முன் நாம் அந்நால்வருள் யாராக நிற்கின்றோம் என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் இரவிவர்மா ஆகப்போவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. தன் கை ஒன்றை ஆக்கியது, அதனைப் பெரியவர் நின்று பார்த்தார் என்னும் நிறைவு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சொரசொரப்பான பழுப்புத் தாளும், சுண்ணாம்பு பூசிய பலகையும், மெல்லிய சுள்ளிக்கரியும் போதும். நம் சங்கக் கூடத்தின் பின்புறச் சுவரைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கி, ஆண்டு விழாவுக்கு விழா புதுவெள்ளை பூசித் தந்தால், குடியிருப்புச் சுவர்களும் தப்பும், கைகளும் வளரும். செயற்குழுவினர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இவ்வாண்டுப் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, முற்றத்துச் சுவரை நான் என் மகளுக்கு விட்டுக்கொடுத்தேன். நல்ல சுள்ளிக்கரி நான்கைந்தும் செய்து கொடுத்தேன். இதனை எழுதும் நாள்வரை அவள் ஒரு கோடும் இழுக்கவில்லை. கரித்துண்டுகளை மட்டும் தாளில் மடித்துச் சாளரத்து மேடைமேல் பத்திரமாக வைத்திருக்கின்றாள். அவள் எறியவில்லை என்பதே எனக்கு ஆறுதல். சுவர் காத்திருக்கின்றது, நானும் காத்திருக்கின்றேன்.

வாழ்க ஓவியக் கலை! வளர்க நம் இளஞ்சிறார்!